ஆகும் பெரியப்பா

தஞ்சாவூர் ஜில்லாவில் பழைய வீடு எதை எடுத்துக்கொண்டாலும் மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள். வெற்றிலைப் பெட்டியோடு திண்ணையில் ஒருவர். பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பவர் ஒருவர். அறுந்துபோன செருப்பு வாரைக்கூட 'இருக்கட்டும், எதுக்காவது ஆகும்' என்று எடுத்து வைப்பவர் ஒருவர். எங்கள் குடும்பத்தில் ஆள் பற்றாக்குறை. மூன்று பேரும் பெரியப்பா ஒருவரே.

குடமுருட்டிக் கரையில் அவருக்குப் பூர்வீக வீடு. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆகிறது. 'ஆகும்' என்ற ஒரே சொல்லில் வாழ்க்கையை ஓட்டிவிடலாம் என்பதற்கு அவர்தான் சாட்சி. பரணில் ஏறிப் பார்த்தால் துணி போன குடைக் கம்பிகள், டார்ச் லைட் இல்லாத டார்ச் லைட் மூடிகள், மர்பி ரேடியோவின் குமிழ் இரண்டு, கழுவிக் காயவைத்து மடித்த பால் பாக்கெட்டுக் கட்டு, ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற கல்யாணப் பத்திரிகைகள். இந்த ரகத்துக்காரர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அடையாளம் சுலபம். பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். காகிதம் கிழியாமல் வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. இவர்கள் ஒவ்வொருவரிடமும் வாழ்நாளுக்கு ஒரே ஒரு வெற்றிக் கதை இருக்கும். பெரியப்பாவின் கதை 1977 நவம்பர் புயல். நாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்டுவிட்டு உள்ளே வந்த காற்றில் மாட்டுக் கொட்டகைக் கூரை கிளம்பியபோது, என்றோ எடுத்து வைத்திருந்த கிணற்றுக் கயிற்றுத் துண்டு ஒன்றால் அதை இழுத்துக் கட்டினாராம். அந்த ஒரு முழக் கயிற்றின் பேரில் ஐம்பது வருஷத்துக் குப்பை இன்றும் பரணில் குடியிருக்கிறது. 'தூக்கிப் போடுங்களேன்' என்று யாராவது வாயெடுத்தால் போதும், வீட்டில் புயல் அடிக்க ஆரம்பித்துவிடும்.

பரண் நிரம்பியதும் அவர் பார்வை பத்தாயத்தின் மேல் விழுந்தது. பத்தாயம் பார்த்திராதவர்களுக்கு: ஆள் உயரத்துக்கு மேல், பலகையால் அடித்த நெற்பெட்டி. மேலே நெல்லைக் கொட்டி, கீழே சின்னக் கதவைத் திறந்து வாங்கிக்கொள்வார்கள். ஒரு காலத்தில் வீட்டின் மதிப்பே அதுதான். இப்போது அறுவடை மிஷின் வயலிலேயே நெல்லைக் கொட்டிவிடுகிறது. அது அங்கிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கு வருவது ரசீது. ரசீது வைக்க அவ்வளவு பெரிய பெட்டி வேண்டாம். 'பத்தாயம் காலியாக் கெடக்கக் கூடாதுங்க, வீட்டுக்கு ஆகாது' என்று பெரியம்மா ஒருநாள் சொன்னாள். சொன்னதற்கு இன்றுவரை வருந்துகிறாள்.

பெரியப்பாவின் பெண் அமெரிக்காவில். ஜூன் மாதம் பிறந்தால் இரண்டு பேரன்களோடு வந்து இறங்கிவிடும். வரும்போது பையன்களின் பெட்டியில் லெகோ, ஒன்றோடொன்று பொருத்தி விளையாடுகிற பிளாஸ்டிக் துண்டுகள். திரும்பும்போது அதே பெட்டியில் வடாம், மோர்மிளகாய், அப்பளம், வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி. விமானக்காரர்கள் பெட்டிக்கு 23 கிலோ என்கிறார்கள். கூடத்தில் தராசில் பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்க்கும்போது 23 தாண்டினால் ஏதாவது ஒரு பை வெளியே வந்தாக வேண்டும். எந்தப் பை வர வேண்டும் என்பதில் என் தங்கைக்கு ஒரு வருஷமும் சந்தேகம் வந்ததில்லை. இப்படி எட்டு வருஷத்தில் சேர்ந்ததைப் பெரியப்பா ஒருநாள் மரக்காலில் தலைதட்டி அளந்து பார்த்தார். மூன்று மரக்கால் லெகோ. பத்தாயத்தில் கொட்டினார். நெல் கொட்டுகிற அதே சத்தம் வந்ததாகச் சொன்னார். பிள்ளை இல்லாத வீட்டில் பூனையைக் கொஞ்சுகிறவர் குரல்.

வீட்டில் அதற்கு மூன்று பெயர். பேரன்களுக்கு லெகோ. பெரியப்பாவுக்குக் கட்டை. பெரியம்மாவுக்கு நெருஞ்சி. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போனவள் வெறுங்காலில் ஒன்றை மிதித்த நாளிலிருந்து அந்தப் பெயர். 'நெருஞ்சியாவது மஞ்சளாப் பூக்கும். இது மஞ்சளா இருந்துக்கிட்டே குத்துது' என்பாள்.

இந்த அளவோடு நின்றிருக்க வேண்டியது. நான்தான் கெடுத்தேன். சும்மா இராமல் லெகோ கம்பெனியின் கதையைப் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். டென்மார்க்கில் பில்லுண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்று ஒரு தச்சர். கையில் காசு புழங்காத 1932-இல் ஏணி, முக்காலியோடு மர பொம்மையும் செய்து விற்க ஆரம்பிக்கிறார். நடுவில் யோ-யோவுக்குக் கிராக்கி வருகிறது. மனிதர் செய்து குவிக்கிறார். கிராக்கி ஒரே நாளில் படுத்துவிடுகிறது. தேங்கிப்போன யோ-யோவை என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்து பொம்மை லாரிக்குச் சக்கரமாகப் பூட்டிவிட்டார்.

பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். 'நம்ம ஆளுடா அவன்' என்றார். தொண்டை கொஞ்சம் அடைத்திருந்தது. அவருடைய குலத்தைச் சேர்ந்த ஒருவர் உலகப் பணக்காரராக ஆகியிருக்கிறார் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்னொன்றையும் சொன்னேன். ஒவ்வொரு பெட்டியிலும் பொடித் துண்டுகள் மட்டும் ஒன்றிரண்டு கூடுதலாகவே இருக்கும். பையை எடைபோட்டுத்தான் எண்ணிக்கை சரிபார்க்கிறார்கள். பொடித் துண்டின் எடை மிஷினுக்கே பிடிபடாது. குறைந்துபோய்க் குழந்தை அழுவதைவிட ஒன்று கூடப் போகட்டும் என்று போட்டுவிடுகிறார்கள். 'கொசுறு!' என்றார் பெரியப்பா. 'கறிவேப்பிலை மாதிரி. மரியாதையான வியாபாரி.'

அதோடு அவருக்கு டென்மார்க்கே சொந்த ஊராகிவிட்டது. 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்ததும், அவர்கள் மிளகு வாங்க வந்து கடலோரம் கோட்டை கட்டிக்கொண்டதும், 1845-இல் எல்லாவற்றையும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறியதும் அவர் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கோட்டை இன்னும் நிற்கிறது, பார்த்தும் இருக்கிறார். 'அன்னிக்கு அவன் கட்டடம் கட்டிட்டு மிளகு கொண்டு போனான். இன்னிக்குக் கட்டையை அனுப்பிட்டு மோர்மிளகா கொண்டு போறான். கணக்கு நேராத்தான் இருக்கு' என்றார். கொண்டு போவது டேனிஷ்காரர் இல்லை, தன் சொந்தப் பெண்தான் என்பதை அவர் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து கட்டை வேலைக்குப் போக ஆரம்பித்தது.

முதல் வேலை முட்டுக்கொடுப்பது. டெல்டாவில் இது சாதாரண வித்தையில்லை. திருவாரூர் ஆழித்தேரை ஓடவிட்டு, திருப்பி, நிறுத்துவதில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான் ராஜா. இப்போது திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. இருந்தாலும் முட்டுக்கட்டை இல்லாமல் தேர் வீதி திரும்புவதில்லை. பெரியப்பா வீட்டுச் செம்மண் தரையில் நாலு காலும் சமமாக நிற்கிற சாமான் ஒன்றுகூடக் கிடையாது. ஃப்ரிட்ஜுக்குச் சிவப்பு, கிரைண்டருக்குப் பச்சை, கட்டிலுக்கு நீலம், பூஜை அலமாரிக்கு மஞ்சள் என்று முட்டு வைத்தார். 'பிளாஸ்டிக் தாங்குமா?' என்று கேட்டேன். கேட்டவனே பதிலையும் தேடித் தர வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் ஓப்பன் யுனிவர்சிட்டியில் 2012-இல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாலு குமிழ் வைத்த ஒரு சின்னக் கட்டை நசுங்குவதற்கு 400 கிலோவுக்கு மேல் கனம் ஏற்ற வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் பெரியப்பா ஃப்ரிட்ஜை ஏற இறங்கப் பார்த்தார். அது இன்னும் கொஞ்சம் கனமாக இருந்திருக்கலாம் என்று வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

கனம் தாங்குகிற சாமான் சூடு தாங்கும் என்று நினைத்ததுதான் சறுக்கல். வெண்கலப் பானைக்குப் பிரிமணை எதற்கு என்று கட்டைகளைச் சேர்த்து ஒரு மேடை செய்து கொடுத்தார். அடுப்பிலிருந்து பொங்கலை இறக்கி அதன்மேல் வைத்தாள் பெரியம்மா. அந்தப் பிளாஸ்டிக் நூறு டிகிரிக்குப் பக்கத்தில் இளக ஆரம்பித்துவிடும். பொங்கல் பரிமாறி முடித்துப் பானையைத் தூக்கினால் மேடையும் சேர்ந்து வருகிறது. தேங்காய்நார் போட்டு, புளி போட்டு, கடைசியில் கத்தியால் சுரண்டியும் பானையின் அடியில் எட்டு வட்டம் மட்டும் போகவில்லை. பெரியம்மாவின் அம்மா சீராகக் கொடுத்த பானை அது. கும்பகோணத்து வார்ப்பு, அடியில் டென்மார்க் முத்திரை. மூன்று நாள் பெரியப்பாவுக்குச் சாப்பாடு பரிமாறப்பட்டது, பேச்சு பரிமாறப்படவில்லை.

அவர் அசரவில்லை. பொம்மை மனிதர்களின் கை வளைவு போன் சார்ஜர் ஒயருக்கு அளவெடுத்த மாதிரி இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்று முதல் மேஜை விளிம்பில் ஒரு போலீஸ்காரர் ஒயரைப் பிடித்துக்கொண்டு இருபத்துநாலு மணி நேரமும் டியூட்டி பார்க்கிறார். சாவிகளில் கட்டையைக் கோத்து, வாசல் நிலையில் ஒரு தட்டையை ஆணியடித்து, வந்ததும் 'டக்' என்று பொருத்திவிடுகிற ஏற்பாடு ஒன்று. இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. என் வீட்டிலும் செய்திருக்கிறேன், ஆனால் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அரை மரக்கால் கொடுத்தனுப்புவார்.

வயலுக்கும் போனது கட்டை. ஒற்றை நாற்று நடவில் குத்துக்குக் குத்து 22.5 சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். அதற்காக அடையாளம் வைத்த கயிறு பிடிப்பார்கள். பெரியப்பா மெல்லிய நைலான் கயிறு எடுத்து, கீழே ஒரு தட்டை, மேலே ஒரு கட்டை, நடுவில் கயிறு என்று அழுத்திக் கவ்வவைத்து, 22.5-க்கு ஒன்றாக நாற்பது கட்டை கோத்துவிட்டார். நடவுக்கு வந்த பெண்கள் கயிற்றைப் பார்த்து நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். 'அய்யா கயித்துக்குப் பாசிமணி கோத்துக் கொண்டாந்திருக்காங்கடி' என்றாள் ஒருத்தி. ஆனால் நடவு நேராக வந்தது. சேற்றிலும் நிறம் பளிச்சென்று தெரிந்ததால் கயிறு பிடித்தவர்களுக்கும் சௌகரியம். நாற்பது கட்டையோடு போன கயிறு இருபத்தாறோடு திரும்பியது. மீதிப் பதினாலு எங்கே என்று பெரியப்பா வரப்போடு தேடிக்கொண்டு போனார். வேப்பமர நிழலில் நடவுப் பெண்களின் பிள்ளைகள் இரண்டு உட்கார்ந்து, பதினாலு கட்டையையும் அடுக்கி, நடுநடுவே வண்டல் பூசி, ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தன. 'என்னா பண்றீங்க?' என்று அதட்டியவர், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, 'மூட்டு மேல மூட்டு வரப்படாது, மாத்தி வை' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த மூன்று மரக்காலில் அந்த வருஷம் விளையாட்டுக்கு ஆனது அந்தப் பதினாலுதான்.

புரட்டாசியில் கொலு. கொலுவில் பூங்கா, தெப்பக்குளம், ஊஞ்சல் என்று எல்லாரும் வைப்பார்கள். இவர் பெரிய கோயிலையே கட்டுவேன் என்று உட்கார்ந்தார். ராஜராஜ சோழன் 1010-இல் முடித்ததைப் பெரியப்பா நவராத்திரிக்கு முதல் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு முடித்தார். விமானத்துக்குப் பதின்மூன்று நிலை. எண்ணிக்கையில் குறையில்லை. நிறம்தான் தகராறு. கருங்கல் நிறத்தில் இருந்தது ஒரு கைப்பிடி. மீதியைக் கிடைத்த கட்டையால் ஏற்றியதில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக எழும்பிவிட்டது. வாசலில் துவாரபாலகருக்குப் பதில் இரண்டு தீயணைப்பு வீரர்கள். நந்திக்குத் தோதாக மாடு எதுவும் அந்தப் பெட்டிகளில் இல்லை. டைனோசர் இருந்தது. படுக்கவைத்தார். சுண்டலுக்கு வந்த அக்ரஹாரத்து மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, 'சமயபுரமா?' என்று பக்தியோடு கேட்டாள். பெரியப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான், 'நிழல் கீழே விழுதே, பெரிய கோயில்னா விழாதே' என்று பேச்சை மாற்றப் பார்த்தேன். அதுவும் எடுபடவில்லை. (பெரிய கோயில் விமானத்தின் நிழல் நன்றாகவே விழும். கோடையில் அதைத் தேடிப் போய் நான் நின்றிருக்கிறேன். சுற்றுலா வருகிறவர்களிடம் மட்டும் விழாது.)

ஆறு கட்டையை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாகச் சேர்க்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எட்டுக் குமிழ் கட்டை, ஒரே நிறம். இதையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். பெரியம்மா காய் நறுக்கிக்கொண்டே, 'அத்தனை விதத்துல ஒண்ணு, எடுத்த எடத்துல வைக்கிறது. அது மட்டும் இவருக்குத் தெரியாது' என்றாள்.

உண்மையைச் சொல்வதென்றால், அந்த வீட்டில் கட்டையை உருப்படியாகப் பயன்படுத்தியது அவள்தான். சத்தமில்லாமல் செய்தாள். ஒரு பச்சைத் தளத் தட்டை அடுக்களை ஜன்னலோரம் சாத்தி வைத்திருந்தாள். பால் வந்த நாளுக்கு ஒரு நீலத் துண்டு. கூடுதல் கால்படி வாங்கினால் அதன்மேல் ஒரு வெள்ளை. பால்காரர் வராத நாளுக்குச் சிவப்பு. வரிசைக்கு ஏழு, வாரம் திரும்பினால் அடுத்த வரிசை. முன்பெல்லாம் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பாள். ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது மார்கழி மாதப் பால் கணக்கு முழுக்கப் போய்விட்டது. அந்தத் தழும்பு மனதில் இருந்தது. மாதக் கடைசியில் பால்காரர் 'மூணு நாள் கூட வருதேம்மா' என்று இழுத்தால் வாய் திறக்க மாட்டாள். தட்டை எடுத்து வந்து திண்ணையில் வைப்பாள். அவர் விரல்விட்டு எண்ணிவிட்டுத் தலையைச் சொறிவார். பெரியப்பா வருகிறவர்களிடம் எல்லாம் இதைத் தன் யோசனை என்று காட்டுவார். பெரியம்மா மறுத்ததில்லை. இந்த மாதிரி மனிதரோடு நாற்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு எதற்கு வாயைத் திறப்பது என்பது தெரியாதா?

பெரியப்பாவின் சாதனை என்று சொல்ல வேண்டுமானால் மேட்டூர்தான். அணையின் முழு மட்டம் 120 அடி. கட்டைக்குப் பத்தடி என்று வைத்தால் பன்னிரண்டு கட்டை. மூன்று தட்டை சேர்ந்தால் ஒரு கட்டை உயரம் என்பது டென்மார்க் கணக்கு. அப்படியானால் ஒரு தட்டை 3 அடி 4 அங்குலம். ஓவர்சியருக்கு இதைவிட என்ன வேண்டும்? தெருப்பக்க ஜன்னல் விளிம்பில் நீலக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்தார். காலையில் பேப்பர் வந்ததும் நீர்மட்டத்தைப் பார்ப்பார். ஏற்ற வேண்டியதை ஏற்றி, எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டுத்தான் காபி. முதலில் கேலி செய்த தெரு, பிறகு போகிற போக்கில் ஒரு பார்வை பார்க்க ஆரம்பித்தது. அப்புறம் 'இன்னிக்கு எத்தினி கட்டை?' என்றே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். டி.எம்.சி. என்று சொன்னால் விளங்காதவர்களுக்கும் ஒன்பது கட்டை என்றால் விளங்கிற்று. ஒன்பதுக்குக் கீழே போனால் டீக்கடையில் குரல் இறங்கும். ஐந்துக்குக் கீழே போன வருஷம் குறுவையைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

இன்னொரு வருஷம் ஜூன் முதல் வாரத்தில் பதினோரு கட்டையும் ஒரு தட்டையும் நின்றது. வழக்கப்படி பன்னிரண்டாம் தேதி அணை திறந்துவிடுவார்கள் என்று ஊரே தெம்பாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் நாற்றங்காலுக்கு விதை நனைக்கப் போகிறேன் என்று முதல் நாள் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரிதான் பேரன்கள் வந்து இறங்கினார்கள்.

விடிந்ததும் எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று அலறினார்.

'என்னாண்ணே இது, மேட்டூர்ல ஒண்ணுமேயில்ல?'

பெரியப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாய் நுரையோடு ஓடி வந்தார். ஜன்னல் விளிம்பு துடைத்துவைத்த மாதிரி காலி. ராத்திரி தூக்கம் வராமல் (அவனுக்கு அது பகல்) சின்னப் பேரன் வீடு முழுக்கச் சுற்றியிருக்கிறான். கூடத்தின் நடுவே ஒரு ராக்கெட் நின்றது. அடியிலிருந்து நுனிவரை நீலம்.

'மேட்டூரை யாருடா காலி பண்ணினது? கர்நாடகாக்காரன்கூட ஒரே ராத்திரியில இப்படிப் பண்ணினதில்லடா!'

'தாத்தா, ராக்கெட்டுக்கு ப்ளூ பத்தலை' என்றான் அவன்.

மாற்றுக் கட்டை தேடினார் பெரியப்பா. பத்தாயத்தில் நீலம் தீர்ந்திருந்தது. வீட்டில் இருந்த மற்ற நீலங்கள் எல்லாம் உத்தியோகத்தில் இருந்தன. கட்டில் காலுக்கடியில் இருந்த ஒன்றை உருவப் பார்த்தார். கட்டிலில் படுத்திருந்த பெரிய பேரன் ஒரு பக்கமாகச் சரிந்தான். அடுக்களை ஜன்னல் பக்கம் கண் போயிற்று. பெரியம்மா பால் தட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள், கையில் கரண்டி. ராக்கெட்டைப் பிரிக்கலாம். ஆனால் வருஷத்துக்கு ஒரு மாதம் வருகிற பிள்ளை கட்டிய ராக்கெட்டைப் பிரிக்கிற தாத்தா காவிரிப் படுகையில் இன்னும் பிறக்கவில்லை.

சின்னவன் தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தான். உள்ளங்கையை விரித்தான். ஒரே ஒரு நீலக் கட்டை.

'இது எக்ஸ்ட்ரா, தாத்தா. நீ வச்சுக்கோ.'

பெரியப்பா அதை வாங்கி, வேட்டி நுனியில் துடைத்து, ஜன்னல் விளிம்பில் கொண்டுபோய் வைத்தார். எதிர்வீட்டுக்காரர் இன்னும் அங்கேயேதான் நின்றார்.

'பத்தடிதானாண்ணே?'

உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: 'பாக்கி நூத்தி மூணடி ராக்கெட்ல மேல போயிருக்கு. விதையை நனைங்க, தண்ணி வர்றதுக்குள்ள எறங்கிடும்.'